காயம் இல்லை என்றால் குற்றமும் இல்லையா?

பாலியல் வன்கொடுமைச் செய்தி ஒன்று வெளியானால், இரண்டு நாளுக்குள் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "டாக்டர் ரிப்போர்ட்டில் என்ன வந்ததாம்?" காயம் இருக்கிறது என்று வந்தால் நம்புவார்கள். "காயம் ஏதும் காணப்படவில்லை" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், அதுவரை அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டவர்கள்கூட மெல்லக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த ஒரு வரிக்கு மருத்துவத்தில் ஒரு பொருள், சட்டத்தில் ஒரு பொருள், ஊர்ப் பேச்சில் வேறொரு பொருள். மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பாதிக்கப்பட்டவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்தியாவில் இப்போதிருக்கும் நடைமுறையை வைத்து, தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

வன்கொடுமைக்கு ஆளானவர் மருத்துவமனைக்குப் போகும்போது மருத்துவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று சிகிச்சை, மற்றொன்று தடயம் எடுப்பது. வரிசை முக்கியம், சிகிச்சைதான் முதலில். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரை, எச்ஐவி தொற்றாமல் இருக்க 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து, பிற பால்வினைத் தொற்றுகளுக்கான மருந்து, காயத்துக்குக் கட்டு, மனத்துக்கு ஆறுதல். இவை எல்லாம் இலவசம். அரசு மருத்துவமனைக்கு மட்டுமல்ல, தனியார் மருத்துவமனைக்கும் இது சட்டக் கடமை. மறுத்தால் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

"முதலில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று மருத்துவமனையில் சொன்னால் அது தவறு. முதல் தகவல் அறிக்கை இல்லாமலேயே பரிசோதிக்கலாம், பரிசோதிக்கவும் வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை போக்சோ சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. சிறுமி என்றால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ கூடவே இருக்க வேண்டும். புகார் முதலில் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால், தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவலர்கள் பாதிக்கப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எந்தப் பரிசோதனைக்கும் அவருடைய சம்மதம் தேவை. 12 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதம். "மருந்து மட்டும் போதும், தடயம் எடுக்க வேண்டாம்" என்று அவர் சொன்னால், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை நிறுத்த முடியாது.

அறைக்குள் நடப்பது

முதலில் மருத்துவர் கேட்டு எழுதுவார். என்ன நடந்தது, எப்போது, எத்தனை பேர், மிரட்டினார்களா, ஆயுதம் இருந்ததா. அதன்பின் சில கேள்விகள் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: குளித்தீர்களா, சிறுநீர் கழித்தீர்களா, வாய் கொப்பளித்தீர்களா, உடை மாற்றினீர்களா? இவை சந்தேகத்தால் கேட்கப்படுபவை அல்ல. நாளைக்கு ஆய்வகத்தில் எதுவும் கிடைக்காமல் போனால், ஏன் கிடைக்கவில்லை என்பதற்கான விளக்கம் இந்தப் பதில்களில்தான் இருக்கும். இந்தக் கட்டத்தை அவசரமாக முடித்துவிடும் மருத்துவர், அந்தப் பெண்ணின் வழக்கில் ஒரு தூணையே எடுத்துவிடுகிறார் என்பது என் கருத்து.

பிறகு தரையில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரிப்பார்கள். அவர் அதன்மேல் நின்றுகொண்டு உடையைக் களைய வேண்டும். துணியிலிருந்து உதிரும் மண், புல், முடி, நூலிழை எல்லாம் தாளில் விழும். தாளையே மடித்து உறையிலிடுவார்கள். ஒவ்வொரு துணிக்கும் தனித்தனி உறை. நகத்தின் இடுக்கை வழித்து எடுப்பார்கள். கீறியிருந்தால் மற்றவரின் தோல் துணுக்கு அங்கே இருக்கலாம். உடலில் எங்கே வாய் வைத்தான், எங்கே பிடித்தான் என்று அவர் சொல்கிறாரோ அங்கெல்லாம் ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுப்பார்கள். பிறப்புறுப்பிலிருந்து எடுப்பதும் அப்படித்தான். அவர் சொன்ன கதைதான் குச்சிக்கு வழிகாட்டி. முழு உடலையும் கண்ணை மூடிக்கொண்டு துருவுவது பரிசோதனை ஆகாது.

அந்தப் பஞ்சுக் குச்சியிடம் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் பல வழக்குகள் கெடுவது இங்கேதான். எடுத்த குச்சியை நிழலில், காற்றில் உலரவைக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே உறையிலிட வேண்டும், அதுவும் காகித உறையில். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால், மழைக்காலத்தில் நனைந்த துணியைப் பைக்குள் கட்டிவைத்தால் ஆவதுதான் ஆகும். பூஞ்சை பிடிக்கும், பாக்டீரியா பெருகும், டிஎன்ஏ சிதையும். கொஞ்ச நேரம் பொறுமை இல்லாததால் ஒரு பெண்ணின் வழக்கு பூத்துப்போகும்.

உலர்ந்த உறையை ஒட்டி, அரக்கு வைத்து, முத்திரையிட்டு, பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அங்கிருந்து காவலர் கைக்கு, நீதிமன்றத்துக்கு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த நாள் என்று பதிவு வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், குறுக்கு விசாரணையில் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் நேராக அங்கேதான் கையை வைப்பார். "இந்த உறை நான்கு நாட்கள் யாரிடம் இருந்தது?" அதற்குப் பதில் இல்லையென்றால், ஆய்வக அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

நேரமும் முக்கியம். உடலுக்குள்ளிருந்து எடுக்கும் மாதிரியில் மூன்று நாட்களுக்குப் பிறகு எதுவும் கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இருந்தாலும் 96 மணி நேரம் வரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை. துணியில் படிந்தது அதைவிட நெடுநாள் நிற்கும். உடனே ஓடிப்போய்த் தலையோடு குளித்துவிடத் தோன்றுவது மிக இயல்பானது. அப்படிக் குளித்துவிட்டவர் யாரும் "இனிப் போய் என்ன பயன்" என்று இருந்துவிட வேண்டியதில்லை. அன்று உடுத்தியிருந்ததைத் துவைக்காமல், ஒரு செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனால்கூட உதவும்.

ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்

ஆய்வகத்தில் முதலில் விந்துவின் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் டிஎன்ஏ எடுத்து, குற்றம் சாட்டப்பட்டவரின் ரத்த மாதிரியோடு ஒப்பிடுவார்கள். விந்தணுவே இல்லாவிட்டாலும், ஆணுக்கு மட்டும் உரிய ஒய் குரோமோசோமை வைத்து, பெண்ணின் செல்களுக்கு நடுவே கலந்திருக்கும் சிறிதளவு ஆண் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. ஆனால் அது தந்தைவழி உறவினர்கள் எல்லோருக்கும் பொதுவானது. அண்ணனையும் தம்பியையும் அது பிரித்துக் காட்டாது.

குற்றம் சாட்டப்பட்டவரைப் பரிசோதித்து டிஎன்ஏ மாதிரி எடுக்க, 2005இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் வழி செய்தது. அந்தப் பிரிவு வந்த பிறகும் மாதிரியை எடுக்காமல் விட்டால், அது அரசுத் தரப்பின் குறை என்று 2011இல் கிருஷண் குமார் மாலிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. காவல்துறையின் சோம்பல் பல நேரங்களில் குற்றவாளிக்குக் கிடைத்த பரிசாகிவிடுகிறது.

டிஎன்ஏ பொருந்தினால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். டிஎன்ஏ பதில் சொல்வது "யார்" என்ற கேள்விக்கு மட்டுமே. "அவள் சம்மதித்தாளா" என்ற கேள்விக்கு எந்த ஆய்வகமும் பதில் தர முடியாது. முன்பின் தெரியாதவன் செய்த குற்றத்தில் "நான் அங்கே போகவே இல்லை" என்று அவன் சொல்லும்போது டிஎன்ஏ வழக்கையே நிலைநிறுத்திவிடும். தெரிந்தவன், "அவள் சம்மதத்தோடுதான்" என்று சொல்லும் வழக்கில் அதே டிஎன்ஏ அறிக்கைக்கு அநேகமாக வேலையே இல்லை. குழந்தைகள் விஷயத்தில் நிலைமை வேறு. 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதால், "யார்" என்பது தெரிந்தாலே முக்கால்வாசி முடிந்தது. கர்ப்பமுற்ற சிறுமிக்குக் கருக்கலைப்பு செய்யும்போது அந்தத் திசுவைப் பாதுகாத்து அனுப்புவது இதனால்தான். மருத்துவமனை வழக்கப்படி ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். உப்புநீர்க் கரைசலில், குளிரில் அனுப்ப வேண்டும். ஒரு பாட்டிலில் எதை ஊற்றுகிறோம் என்பதில் ஒரு தந்தையின், ஒரு மாமாவின் அடையாளம் தங்கியிருக்கிறது.

2012 டிசம்பர் டெல்லிப் பேருந்து வழக்கில் டிஎன்ஏவோடு கடித்த தடங்களையும் பல் அச்சுகளையும் ஒப்பிட்டார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த வழக்கில் மற்றச் சான்றுகள் மலைபோல் இருந்தன. கடித்த தடத்தை மட்டுமே நம்பி ஒருவரை அடையாளம் காண்பது சரிதானா என்று உலகெங்கும் அறிவியலாளர்கள் கேள்வி எழுப்புகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தடத்தின் மீது படிந்திருக்கும் எச்சிலை ஒற்றி எடுத்த பஞ்சுதான் நம்பகமான சாட்சி.

"காயம் இல்லை" என்ற அந்த வரி

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருவோம். காயம் ஏன் இருப்பதில்லை?

அச்சத்தில் உடல் உறைந்துபோகும். கத்த வாய் வராது, கை எழாது. கழுத்தில் கத்தி இருந்தாலோ, "உன் தம்பியைக் கொன்றுவிடுவேன்" என்ற சொல் இருந்தாலோ யாரும் போராட மாட்டார்கள். சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பெண் சம்மதித்தார் என்று கொள்ளக் கூடாது என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 2013 திருத்தம் எழுதிவைத்தது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது அப்படியே தொடர்கிறது. குற்றம் முழுமையாவதற்குச் சிறிதளவு ஊடுருவல் போதும், விந்து வெளிப்பட்டிருக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, சட்டப்படி குற்றமாகும் எத்தனையோ செயல்கள் உடலில் ஒரு கீறலையும் விடாமல் போகலாம்.

அடுத்தது, கன்னித்திரை. அந்தச் சொல்லிலேயே தவறு தொடங்குகிறது. திரை என்றால் வாசலை மூடித் தொங்குவது, ஒருவர் உள்ளே போனால் கிழிவது என்று மனம் படம் வரைந்துவிடுகிறது. உண்மையில் அது ஓரத்தைச் சுற்றி வளைந்திருக்கும் சவ்வு. பருவமடைந்த பின் நெகிழ்ந்து விரியக்கூடியது. சிறு கிழிசல் ஏற்பட்டாலும் சில நாட்களில் தடம் தெரியாமல் ஆறிவிடும். 2004இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. கர்ப்பமாயிருந்த 36 வளரிளம் பெண்களின் பிறப்புறுப்புப் படங்களை ஆராய்ந்தார்கள். ஊடுருவல் நடந்தது என்பதற்குத் திட்டவட்டமான அடையாளம் இரண்டே பேரிடம் இருந்தது. கர்ப்பமே கண்ணெதிரே சாட்சியாக நிற்கும்போதும் மற்ற 34 பேரின் உடல் அப்படி ஒரு சான்றைக் காட்டவில்லை. இதைப் படித்த பிறகு "சவ்வு அப்படியே இருக்கிறது, எனவே ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுத ஒரு மருத்துவருக்குக் கை வரக் கூடாது.

ஆனால் கை வந்தது, பல தலைமுறைகளாக. 1972 மார்ச் 26ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில் மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பரிசோதனை நடந்தது. உடலில் காயம் இல்லை, சவ்வில் பழைய கிழிசல், இரண்டு விரல் எளிதாக நுழைகிறது, வயது 14க்கும் 16க்கும் இடையில் என்று மருத்துவர் எழுதினார். உடலிலிருந்து எடுத்த மாதிரியில் விந்து இல்லை. அவளுடைய துணியிலும் ஒரு காவலரின் பைஜாமாவிலும் இருந்தது. விசாரணை நீதிமன்றம் அவளைப் பாலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்றது. உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், காயம் இல்லாததை வைத்து, அவள் எதிர்த்தாள் என்பது பொய் என்று முடிவுகட்டிக் காவலர்களை விடுதலை செய்தது. உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது: காவலில் நடக்கும் வன்புணர்வில் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று நீதிமன்றத்தில் சொன்னால் அதையே உண்மை என்று கொண்டு தொடங்க வேண்டும்.

அந்த இரண்டு விரல் சோதனை மட்டும் சாகவில்லை. நம் செய்தித்தாள்கள் வெகுகாலம் இந்தக் குற்றத்தைக் "கற்பழிப்பு" என்றே எழுதின. அழிந்தது கற்பு என்று நம்பினால், அது முன்பே இருந்ததா என்று பார்க்கத்தானே தோன்றும்? அந்தச் சொல்லும் அந்த விரலும் ஒரே மனத்திலிருந்து வந்தவை. ஒரு பெண்ணுக்கு முன்பு உறவு இருந்ததா இல்லையா என்பதற்கும் இன்று அவளுக்குக் கொடுமை நடந்ததா என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தச் சோதனையால் முதல் கேள்விக்கும் பதில் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் மருத்துவம். 2013இல் லில்லு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அந்தரங்கத்துக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என்றது. 2014 நெறிமுறை தடை செய்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டில் இதை உடனே நிறுத்தச் சொல்லி அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராவார் என்றும் மருத்துவப் பாடத்திட்டத்தையே திருத்த வேண்டும் என்றும் சொன்னது. ஒன்பது ஆண்டுகளில் இத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆக, மருத்துவர் எழுத வேண்டியது என்ன? தான் கண்டதை மட்டும். "இத்தனை சென்டிமீட்டர் நீளத்தில், இந்த நிறத்தில், இடது தொடையின் உட்புறம் ஒரு கன்றிய காயம்" என்று எழுதலாம். காயம் இல்லையென்றால், காயம் இல்லை என்பதோடு, சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, குளித்திருக்கிறார், மிரட்டப்பட்டதாகச் சொல்கிறார், எனவே வன்கொடுமை நடக்கவில்லை என்று இதை வைத்துச் சொல்ல இயலாது என்று காரணத்தோடு எழுத வேண்டும். "வன்புணர்வு நடந்தது", "நடக்கவில்லை" என்று எழுதும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது நீதிபதியின் முடிவு. பரிசோதனை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் சரியாகக் குறிக்க வேண்டும். அறிக்கை ஏழு நாட்களுக்குள் விசாரணை அதிகாரியிடம் போக வேண்டும். கன்றல் முதல் நாள் தெரியாமல் இரண்டாம் நாள் தெரியலாம் என்பதால் மறுபடி வரச் சொல்வதும் நல்ல மருத்துவரின் பழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, வேறு ஊருக்கு மாற்றலாகிப்போன நிலையில், அவர் மகிளா நீதிமன்றத்தின் கூண்டில் ஏறி நிற்கும்போது, கையிலிருப்பது அன்று எழுதிய அந்தத் தாள் ஒன்றுதான்.

நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு இடம் எது? துணைச் சான்று. மருத்துவரின் கருத்து ஒரு நிபுணரின் கருத்து, அவ்வளவே. நடந்ததைக் கண்டவரும் பட்டவரும் அந்தப் பெண்தான். அவருடைய சாட்சியம் நம்பத்தகுந்ததாக இருந்தால், வேறு ஆதாரம் ஏதும் இல்லாமலே தண்டிக்கலாம் என்று 1996இல் குர்மீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மருத்துவச் சான்று அந்தச் சாட்சியத்தைத் தாங்கிப்பிடிக்கும். சில வழக்குகளில் தவறாகப் பிடிபட்ட ஒருவரை டிஎன்ஏ விடுவிக்கவும் செய்யும், அதுவும் நீதிதான். ஆனால் மருத்துவச் சான்று இல்லை என்பதற்காகச் சாட்சியம் சரிந்துவிடாது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ கைக்கு வழக்கு வந்தது 1995இல். அதற்குள் எந்தப் பஞ்சுக் குச்சியிலும் ஒற்றி எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்க வழியில்லை. அந்தப் பெண்கள் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில், ஆள் மாற்றி ஆள் குறுக்கு விசாரணை செய்தபோதும் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் வன்புணர்வுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போய் அந்த இடங்களைப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, அதே நாளில், தண்டனையை உறுதி செய்தார்.